ரூல் 340: யாருக்கு, எதற்கு, எதுவரை

மருத்துவமனையின் நான்காவது மாடியில் அவர் வேலை பார்த்தார். கீழ்த்தளத்தில், நோயாளிகள் பதிவேட்டுப் பிரிவில், நான் இருந்தேன். ஆறு ஆண்டுகள் ஒரே கட்டடம். ஒரு வார்த்தை பேசியதில்லை. லிஃப்டில் இரண்டு முறை சேர்ந்து போயிருக்கிறோம். முதல் முறை அவர் கையில் நீல நிற ஸ்வெட்டர் இருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று நினைத்தேன், கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஸ்வெட்டர் கணினி அறைக்காக. அங்கே பதினெட்டு டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது. எங்கள் மருத்துவமனைக்கு ஒன்பது கிளைகள். ஒன்பது கிளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், சேர்க்கைப் பதிவுகள் எல்லாம் அந்த அறையில் ஆறு அலமாரிகளில் அடுக்கிய இயந்திரங்களில் இருந்தன. யார் எந்த இயந்திரத்துக்குள் வரலாம், யார் வரக் கூடாது என்று எழுதி வைப்பது அவர் வேலை. கிளைகளில் எவருக்காவது உள்ளே நுழைய முடியாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “அக்கா, பூட்டிட்டீங்களா?” என்று கேட்டுக் கேட்டே பூட்டக்கா என்ற பெயர் நின்றுவிட்டது. அவர் முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். அவரும் “பூட்டுதான் பேசறேன், சொல்லுங்க” என்றே போனை எடுப்பார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இயந்திரங்கள் அங்கிருந்து போய்விட்டன. கிளவுட் என்கிறார்கள். வேறொரு ஊரில் ஏதோ ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பெரிய இயந்திரங்களில் கொஞ்சம் இடத்தை வாடகைக்கு எடுத்து, அந்த இடத்தையே தனி இயந்திரம்போல நடத்துவது. வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். மொத்தம் பதினான்கு. ஒன்றையும் கையால் தொட முடியாது. நான்காவது மாடி அறையில் இப்போது உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

“முன்னாடி சத்தம் இருந்துச்சு சார்,” என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். “காது அடைக்கிற விசிறிச் சத்தம். ஆனா கூட யாரோ இருக்கற மாதிரி இருக்கும். இப்ப வீட்ல ஃபிரிட்ஜ் சத்தம் ஒண்ணுதான். அதுவும் பாதி நேரம் நின்னு போயிடும்.”

அவர் தகப்பனார் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையில் இழுப்பறைகள் எழுபத்திரண்டு. பத்து வயதில், பள்ளி விடுமுறையில், ஒவ்வொரு இழுப்பறைக்கும் சீட்டு எழுதி ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதாமல், யாருக்காக வாங்கியது, எப்போது திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார். கணிதம் படித்தார். நில அளவையர் ஒருவரை மணந்து பதினோரு ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்தார். “சண்டை கிண்டை எதுவும் இல்ல சார். ரெண்டு பேருமே வாயைத் திறக்கல. அதான் பிரச்சினையே.” ஒரே மகள், பத்தொன்பது வயது, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறு மாலை கூப்பிடுவாள். பூட்டக்காவுக்கு வயது நாற்பத்தாறு. இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. மேஜை சுவரைப் பார்த்து இருக்கும். இன்னொரு நாற்காலியும் உண்டு. அதில் மடிக்க வேண்டிய துணி கிடக்கும்.

அவர் எழுதும் ரூல்களைப் பற்றிச் சொன்னால்தான் நடந்தது புரியும். ஒவ்வொரு ரூலிலும் நான்கு விஷயங்கள்: எந்த முகவரியிலிருந்து, எந்த இயந்திரத்துக்கு, எந்த வாசல் வழியாக, அனுமதியா மறுப்பா. முகவரி என்பது தெருப் பெயர் அல்ல. இணைய இணைப்பின் எண். ஒவ்வொரு ரூலுக்கும் வரிசை எண் உண்டு. சிறிய எண்ணை முதலில் பார்ப்பார்கள். எது முதலில் பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். எதிலும் பொருந்தாதவருக்குக் கடைசி வரி: எல்லோருக்கும் மறுப்பு. இடையில் சேர்க்க வசதியாக அவர் பத்து பத்தாக எண்ணிடுவார்: 100, 110, 120.

பக்கத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. பல பேர் அதைக் காலியாக விடுவார்களாம். அவர் விடுவதில்லை. யாருக்கு, எதற்கு, எதுவரை என்ற மூன்றும் எழுதாமல் அவர் கையால் ஒரு வாசலும் திறக்காது. இன்னொரு வழக்கமும் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ரூல் வெளியே தள்ளாது. புதிதாக வருபவரைத்தான் தடுக்கும். அதனால் எதையாவது மாற்றும் முன், தான் உள்ளே இருக்கும் ஒரு இணைப்பைத் திறந்தபடியே வைத்துக்கொள்வார். தப்பாக எழுதிவிட்டால் அந்த இணைப்பு வழியாகத் திருத்திக்கொள்ளலாம்.

மொத்தம் அறுபத்தொரு ரூல்கள். அறுபதுக்குக் குறிப்பு இருந்தது. 340க்கு மட்டும் இல்லை.

அந்த ரூல் அவர் எழுதியதல்ல. அவருக்கு மேல் இருந்த பழைய அதிகாரி காலத்தில் எழுதியது; இயந்திரங்கள் இடம் மாறியபோது மற்றவற்றோடு சேர்ந்து வந்தது. ஏதோ ஒரு வீட்டு முகவரியிலிருந்து, பழைய பதிவேடுகள் இருக்கும் இயந்திரத்துக்கு அனுமதி. தினமும் காலை ஆறு பத்துக்கு அந்த வழியாக ஒருவர் வருவார். ஏழு மணி வாக்கில் போவார். விடுமுறை நாளிலும் வருவார்.

இந்த மாதிரிக் குறிப்பில்லாத ரூலுக்கு அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மூடிவிடுவார்கள். யார் கத்துகிறார்களோ அவர்தான் சொந்தக்காரர். மேலாளர்கூட இரண்டு முறை சொன்னாராம், “மூடிப் பாருங்கம்மா, கத்துனா திறந்துக்கலாம்” என்று. ஐந்து ஆண்டுகளாக அவர் மூடவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தணிக்கையாளர்கள் வந்தார்கள். எல்லா இயந்திரங்களையும் ஆள்வதற்கென்று ஒரு இயந்திரம் இருக்கிறது. ரூல்களை மாற்றும் பக்கமும் அதன் வழியாகத்தான் திறக்கும். அதற்குள் நுழைய ஐந்து முகவரிகளுக்கு அனுமதி இருந்தது. ஒன்று போதும் என்றார்கள். நியாயம்தான். நான்கை நீக்கினார். தன் வீட்டு முகவரியை மட்டும் விட்டார். வழக்கப்படி ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

சனிக்கிழமை பகல் அவர் தெருவில் மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லை. மின்சாரம் வந்தபோது இணையப் பெட்டி புதிய முகவரியோடு எழுந்தது. மாறாத முகவரி வேண்டுமென்று அவர் கொடுத்த விண்ணப்பம் நாலு மாதமாக நிலுவையில் கிடந்தது. திறந்து வைத்திருந்த இணைப்பும் மின்சாரத்தோடு போய்விட்டது. கணினியைத் திறந்து பார்த்தார். கடைசி வரி: எல்லோருக்கும் மறுப்பு. அவர் எழுதியதுதான். அந்த எல்லோரிலும் இப்போது அவரும் ஒருவர்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடம் புதிய கட்டடத்தில் திறக்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் முகவரிக்கு இன்னும் ரூல் எழுதவில்லை. எழுதாவிட்டால் ஒன்பது கிளைகளுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவுகூடப் போகாது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

அவசரக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதன் கடவுச்சொல் உறையில் போட்டு முத்திரையிட்டு மேலாளரிடம் இருந்தது. மேலாளர் உறையைக் கிழித்துப் படித்துக் காட்டினார். ஆனால் உறுதி செய்யும் எண், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போன பழைய மேலாளரின் கைபேசிக்குப் போயிற்று. அந்தக் கைபேசி இப்போது உபயோகத்தில் இல்லை. கிளவுட் நிறுவனத்தைக் கூப்பிட்டால், அடையாளம் சரிபார்க்க மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள்.

“நீங்களே பூட்டு, நீங்களே வெளிய,” என்றார் மேலாளர். “திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் என்னம்மா சொல்றது?”

“வழி இருக்கான்னு பாக்கறேன் சார்.”

வெள்ளிக்கிழமை தணிக்கைக்காக அச்செடுத்த அறுபத்தொரு ரூல்களின் பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. ஞாயிறு காலை ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தார். கிளைகளுக்கான ரூல்கள் ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் வழிவிடும். அதன் வழியாக இயந்திரத்துக்குள் இறங்க முடியாது. வெளியிலிருந்து ஒரு இயந்திரத்துக்குள் இறங்கக்கூடிய வாசல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. 340.

அந்த வழியாக வருபவரின் கணக்குப் பெயர் அவருக்கு மனப்பாடம். பதிவேட்டுப் பிரிவில் ஞாயிறு பணியில் இருந்த அம்மாளைக் கூப்பிட்டார். “ரெக்கார்ட்-ஒன்னுன்னு ஒரு கணக்கு, அது யாருங்க?”

“அதுவா? பழைய ரெக்கார்ட் சாரோடது. அவர் ரிட்டயர் ஆகியே ஒம்பது வருஷம் ஆச்சே. இருக்காரோ இல்லையோ.”

“இருக்காருங்க. இன்னிக்குக் காலைலகூட வந்திருப்பாரு. எனக்கு அவரோட போன் நம்பர் வேணும்.”

பகல் பதினொன்று இருபதுக்கு என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

“சார், நான் ஐ.டி.லேருந்து பேசறேன். நீங்கதான் முந்நூத்தி நாப்பதா?”

“என் வீட்டு எண் பதினேழும்மா.”

“வீட்டு எண் இல்ல சார். தினமும் ஆறு பத்துக்கு உள்ள வர்றது நீங்கதானே?”

இதற்கு ஒன்பது ஆண்டுகளாகப் பதில் தயாராக வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபோது சந்தேகம் கேட்பதற்காக மூன்று மாத அனுமதி கொடுத்தார்கள். அதற்காக இணைய நிறுவனத்திடம் மாறாத முகவரி வேண்டுமென்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். மூன்று மாதம் முடிந்ததும் யாரும் மூடவில்லை. பழைய பிறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து, ஒப்பந்தக்காரர்களை வைத்துத் தட்டச்சு செய்திருந்தார்கள். பக்கத்துக்கு நாலைந்து பிழை. தேதி மாறியிருக்கும், தாயின் பெயர் தகப்பன் கட்டத்தில் இருக்கும். நாற்பது வருடம் கழித்து ஒருவர் தன் பிறந்த தேதிக்காக வந்து நிற்கும்போதுதான் அது தெரியும். மொத்தம் 3,564 பக்கங்கள். நாளுக்கு ஒரு பக்கம் திருத்தி வந்தேன். அன்றைக்கு 3,352 முடிந்திருந்தது. இதையெல்லாம் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “உங்க வீட்டுக்கு வரலாமா சார்?” என்று கேட்டார்.

இரண்டு பேருந்து மாறி, இரண்டு முப்பத்தைந்துக்கு வந்தார். தோளில் மடிக்கணினிப் பை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

“நீங்க... அந்த ஸ்வெட்டர்!”

அவர் என்னைப் பார்த்தார். “லிஃப்ட்ல குடையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களே, அவரா?”

“தண்ணி சொட்டக் கூடாதுன்னு.”

“நெனச்சேன் சார். கேக்கத்தான் இல்ல.”

என் மேஜை முன் உட்கார்ந்து, மடிக்கணினியை என் வீட்டு இணைப்பில் சேர்த்தார். செய்யப் போவதை முதலில் சொன்னார். என் வாசல் வழியாகப் பழைய பதிவேட்டு இயந்திரத்துக்குள் போக வேண்டும். உள்ளே போய்விட்டால் அங்கிருந்து ஆளும் இயந்திரத்துக்குத் தடையில்லை. உள்ளே இருக்கும் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசலாம் என்று தொடக்கத்திலிருந்தே ஒரு ரூல் இருக்கிறது. “அதை அடுத்த வாரம் மூடறதா இருந்தேன். நல்லவேளை, சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்.”

கடவுச்சொல்லைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

“சொல்லாதீங்க!” என்று கையை நீட்டித் தடுத்தார். “நீங்களே அடிங்க. நான் திரும்பிக்கறேன்.” எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் பார்த்த இடத்தில் நாட்காட்டி இருந்தது. அடித்து முடித்து “ஆச்சும்மா” என்றேன். “நாலு நாளா கிழிக்கல சார்,” என்றபடி திரும்பினார். அது உண்மை; எனக்கு முதுகுவலி, நாட்காட்டி மாட்டிய ஆணியோ உயரம். தேதியை நான் நோட்டில்தான் பார்த்துக்கொள்வேன்.

மூன்று பன்னிரண்டுக்கு ஆளும் இயந்திரத்துக்குள் போய்விட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல்களை மட்டும் ஒருமுறை நெட்டி முறித்தார். முதலில் தன் வீட்டின் புதிய முகவரிக்கு ரூல் எழுதினார். அடுத்தது ஆய்வுக்கூடம். புதிய கட்டடத்துக்காரர்கள் அனுப்பிய கடிதத்தை என்னிடம் கொடுத்தார். நான் எண்களைப் படிக்க, அவர் அடித்தார். அடித்ததை அவர் திருப்பிப் படிக்க, நான் கடிதத்தைப் பார்த்தேன்.

“...நூத்திப் பதினெட்டு.”

“நூத்தி எண்பத்தொண்ணும்மா.”

திரையையும் கடிதத்தையும் பார்த்தார். 118 என்று அடித்திருந்தார். “அது எவன் வீடோ,” என்று சொல்லித் திருத்தினார். குறிப்புக் கட்டத்தில் யாருக்கு, எதற்கு, எதுவரை மூன்றையும் எழுதினார். பிறகு புதிய ஆய்வுக்கூடத்தில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த பரிசோதகரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

“இப்பப் பாருங்க, வருதா?”

“இருங்கக்கா... சுத்துது... சுத்துது... வந்துருச்சு! பூட்டக்கா, நேத்தே கேட்டேனே, ஏங்க்கா இவ்ளோ நேரம்?”

“சாவி வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

எழுவார் என்று நினைத்தேன். எழவில்லை. மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், இப்ப உங்களப் பத்திப் பேசணும். நான் இன்னிக்கு எப்படி உள்ள போனேனோ, அதே மாதிரி வேற எவனும் போயிருக்கலாம். இதை ரிப்போர்ட்ல எழுதாம இருக்க முடியாது. எழுதுனா உங்க வாசலை மூடச் சொல்வாங்க.”

“எழுதுங்கம்மா. நடந்ததை எழுதாம விடறது தப்பு.”

அங்கேயே எழுதினார். முடித்ததும் படித்துக் காட்டினார். நேரங்கள் எல்லாம் சரியாக இருந்தன. என் பெயரும் என் வேலையும் இருந்தன. குறிப்பில்லாத ரூல் ஐந்து ஆண்டுகள் மூடப்படாததற்குக் காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று போட்டிருந்தார்.

“இது சரியில்லையே,” என்றேன். “கவனிக்காம விட்டீங்களா, தெரிஞ்சு விட்டீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“அப்ப கவனக்குறைவு எப்படி ஆகும்?”

“வேற என்ன சார் எழுதறது?” என்று நாட்காட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆறு பத்துக்கு ஒருத்தர் வருவாரு. அந்த நேரம் நான் காபி குடிச்சுக்கிட்டு லாக்கை, அதான் யார் எப்ப வந்தாங்க போனாங்கன்னு மெஷின் எழுதற பதிவை, பாத்துட்டு இருப்பேன். வந்தாச்சுன்னு ஒரு வரி வரும். ஏழு மணிக்குப் போயாச்சுன்னு ஒரு வரி. அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் மனுசங்க யாரும் உள்ள வர மாட்டாங்க, எல்லாம் மெஷினுக்கு மெஷின். மூடுனா கத்துவாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. எனக்கு இது கத்தற ஆளாத் தெரியல. சத்தம் போடாமப் போயிட்டா? இதையா சார் ரிப்போர்ட்ல எழுதறது?”

அவர் கவனக்குறைவு என்பதை அழித்துவிட்டு, ‘தெரிந்தே விடப்பட்டது, பொறுப்பு என்னுடையது’ என்று எழுதி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அவருக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. உள் இயந்திரங்களுக்கு இடையிலான தொடர்பு அன்றே துண்டிக்கப்பட வேண்டும். ரூல் 340 உடனே மூடப்பட வேண்டும். ‘உடனே’ என்பதை எதிர்த்து அவர் எழுதிய கடிதத்தின் நகலை எனக்குப் பிறகு காட்டினார். திருத்தம் செய்த பக்கங்கள் 3,354, மீதி 210, இவற்றில் எத்தனை பேரின் பிறந்த தேதி இருக்கிறது என்று கணக்கிட்டு எழுதியிருந்தார். முப்பது நாள் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளாகக் காலியாக இருந்த கட்டத்தில் அவர் எழுதியது இது: ‘யாருக்கு: ஓய்வுபெற்ற பதிவேட்டு அதிகாரி. எதற்கு: பிறப்புப் பதிவேடு திருத்தம். எதுவரை: முப்பதாம் நாள் மாலை ஆறு மணி.’

நாளுக்கு ஏழு பக்கம் என்றால் முப்பது நாளில் சரியாக முடியும். ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிடம் என்று பழகிய கண். காலை ஆறு பத்துக்கு உட்கார்ந்தால் பிற்பகல் ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கு அவர் போன் செய்வார்.

“இன்னிக்கு எத்தன சார்?”

“ஆறு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“நாளைக்கு எட்டுன்னு சொல்லுங்க, கண்ணு பயந்துக்கும்.”

பக்கக் கணக்கைக் கேட்டு முடித்த பிறகும் சில நாட்களில் பேச்சைத் தொடர்வார். கண்ணாடிக் கடை, எழுபத்திரண்டு இழுப்பறைகள், நில அளவையர் எல்லாம் அப்போது சொன்னவை. மகள் ஞாயிற்றுக்கிழமை கேட்டாளாம்: “ஏம்மா, அப்பாவையும் இப்படித்தான் கடைசி வரில போட்டியா, எல்லோருக்கும் மறுப்புன்னு?” கேட்டுவிட்டு அவளே சிரித்தாளாம். இவரும் சிரித்தாராம். “சிரிச்சிட்டு வெச்சிட்டோம் சார். அப்புறம் யோசிச்சேன். அவருக்கு நான் மறுப்பெல்லாம் போடல. எந்த ரூலும் எழுதல. எழுதாம விட்டா அது தானா கடைசி வரிக்குப் போயிடும்.”

இன்னொரு நாள், அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் தகப்பனாரின் பழைய கடை இருந்தது என்றும், இப்போது அங்கே கைபேசி பழுது பார்க்கிறார்கள் என்றும், அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போவதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “தெரியல சார். நாலு நிமிஷம் அதிகம், அவ்ளோதான்.” ஒன்பது ஆண்டுகளில் நான் இத்தனை நேரம் யாருடனும் போனில் பேசியதில்லை. அவர் என்னோடு பேசிய நேரமெல்லாம் சேர்த்தால் நாலு மணி நாற்பது நிமிடம்.

முப்பதாம் நாள் ஒன்பது பக்கம் மீதி இருந்தது; நடுவில் இரண்டு நாள் ஆறோடு நின்றுவிட்டேன். கண் ஒத்துழைக்காமல் ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி ஆனது; மதியம் எழுந்திருக்கவில்லை. 3,564ஆம் பக்கத்தில் கடைசிப் பதிவு ஒரு பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ எழுநூறு. பிறந்த நேரம் காலை என்பதற்குப் பதிலாக மாலை என்று அடித்திருந்தார்கள். திருத்தியபோது மணி ஐந்து நாற்பத்தொன்று.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

“முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது. பத்தொம்பது நிமிஷம் மிச்சம்.”

“ரொம்ப சந்தோஷம்.” விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “மூடிட்டேன் சார்.”

திரையைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. பதிவேட்டுப் பக்கம் அப்படியே இருந்தது, சுட்டிக்குறி துடித்துக்கொண்டிருந்தது. “நான் இன்னும் உள்ளதான்மா இருக்கேன்.”

“தெரியும் சார். உள்ள இருக்கறவங்கள ரூல் வெளிய தள்ளாது. நீங்களா வெளிய வந்தாத்தான். வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது.”

“நீங்க வெட்டிவிடலாமே.”

“விடலாம். ரெண்டு விசைதான்.” அவர் அழுத்தவில்லை. “உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப வெளிய வாங்க. நான் ரிப்போர்ட்ல அந்த நேரத்தைப் போட்டுக்கறேன்.”

முதல் பக்கத்துக்குப் போனேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திருத்தியது. சரியாக இருந்தது. நடுவில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்து பார்த்தேன். அவர் போனை வைக்காமல் இருந்தார்; அந்தப் பக்கம் தம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்றானதும், வெளியேறுவதற்கான கட்டளையை அடித்தேன். திரை கறுத்தது. சரிபார்ப்பதற்காக மறுபடி ஒருமுறை நுழைந்து பார்த்தேன். பதில் வரவில்லை, அவர்கள் மறுப்பு என்று சொல்வதுகூட இல்லை, சும்மா இருந்துவிடுகிறார்கள்.

“ஆறு பதினேழு,” என்றார். “வெளிய வந்துட்டீங்க. லாக்ல தெரியுது.”

“இனி உள்ள யார் இருக்கா?”

“நான் மட்டும்தான் சார்.”

அவர் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் போனில் கேட்டது. சிறிது நேரத்தில் அது நின்றது. இருவரும் போனை வைக்கவில்லை.